மஞ்சள் என்று நான் சொன்ன கல்

ராஜமதி போய்விட்டாள் என்ற செய்தி ஒரு பௌர்ணமியன்று காலை பதினோரு மணிக்கு வந்தது. அவள் மகள் பத்மாதான் போன் செய்தாள். "அத்தை, அம்மா போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவோம். வரமுடிஞ்சா வாங்க" என்றாள். 'வரமுடிஞ்சா' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடம் அவள் அம்மாவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அந்தப் பெண் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதை எழுதத்தான் நம் அலுவலக மலரில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

பௌர்ணமியன்று நம் ஊரில் பஸ்ஸும் ஆட்டோவும் என்ன கதியாகும் என்று உங்களுக்குத் தெரியும். வேங்கிக்காலிலிருந்து செங்கம் ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்கு நடந்தே போனேன். மலை சுற்ற வந்த கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டியிருந்தது. வழியில் ஒரு பெரியவர், "செருப்போட கிரிவலம் போறீங்களே, கழட்டிடுங்கம்மா" என்றார். சாவுக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாவட்டம் பிரிந்த வருடம் நானும் அவளும் ஒரே வாரத்தில் இங்கே வேலைக்கு வந்தோம். அவள் போளூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். நிலம் நீச்சு உள்ளவர்கள். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். ஐந்தரை மணிக்கு மேல் மீட்டிங் நீண்டால், மேலதிகாரி எதிரிலேயே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். "சார், நீங்க பேசுங்க. எனக்கு சூரியன்தான் பெரிய ஆபீசர்" என்பாள். அந்தத் துணிச்சலைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். எனக்கு உள்ளூரப் பொறாமையும் உண்டு.

அவளுடைய அப்பா கொஞ்ச காலம் வேலூரில் ஒரு நகைக்கடையில் கல் பார்க்கும் வேலை செய்தவர். அதனால் அவளுக்கு வைரம் தெரியும். நம் ஆபீசில் கல்யாணம், காதுகுத்து என்று யார் எது வாங்கப் போனாலும் ராஜமதியை இழுத்துக்கொண்டுதான் போவார்கள். அவளும் ஒரு காபிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டாள். தன் கண்ணைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. நியாயமான கர்வம்தான்.

1994இல் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் போட வேண்டும் என்று கேட்டார்கள். கல்லுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று ராஜமதியிடம் சொன்னேன். தேரடி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று பொட்டலங்களைப் பிரித்தார். முப்பது சென்ட் எடையில் ஒரு கல், நடுவில் கருப்புப் புள்ளி. பன்னிரண்டு சென்ட்டில் ஒன்று, பால் போல வெள்ளை, ஆனால் எள்ளளவு. மூன்றாவது இருபத்திரண்டு சென்ட். மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைதான்.

ராஜமதி மூன்று கல்லையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கே போய்விட்டாள். "கடை வெளிச்சத்துல எல்லா கல்லும் நல்ல கல்லுதான்" என்றாள். வாயால் ஊதிப் பார்த்தாள். ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து, மடிப்பில் கல்லைக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மூன்றாவது கல்லை என்னிடம் நீட்டினாள்.

"இதுல லேசா மஞ்சள் இருக்குது. அதனாலதான் விலை கம்மி. ஆனா உள்ள ஒரு புள்ளி கிடையாது, கோடு கிடையாது. தங்கத்துல வெச்சா அந்த மஞ்சள் எங்க போச்சுன்னே தெரியாது. பின்பக்கம் திறந்து கட்டச் சொல்லு. மூடிக் கட்டுறது குறையுள்ள கல்லுக்குத்தான்."

கடைக்காரரே சிரித்துவிட்டார். "மேடம் என்னை வியாபாரம் பண்ண விடமாட்டாங்க" என்றார்.

வைரம் வாங்கினால் உடனே கட்டிவிட மாட்டோம் அல்லவா? மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்போம். நல்லது நடந்தால் வைத்துக்கொள்வது, ஏதாவது கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுப்பது. கடைக்காரரும் பழக்கம் தெரிந்தவர். முன்பணம் வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தார். ராஜமதிக்கு இதில் நம்பிக்கை இல்லை. "கல்லு என்ன பண்ணும்? அவங்கவங்க வினை அவங்கவங்களுக்கு" என்று முணுமுணுத்தாள்.

பூஜை அறையில், மஞ்சள் தடவி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேல் அம்மா அந்தப் பொட்டலத்தை வைத்தாள். இரண்டாம் நாள் விளக்குத் திரியை ஓர் எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது. பத்திரிகைக் கட்டில் பாதி எரிந்துபோனது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலி இழுத்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எலிக்கு யாரும் பயப்படவில்லை, கல்லுக்குப் பயந்தோம். நானும்தான். பத்திரிகை எரிந்தது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். வெளியூர் அச்சகத்தில் மறுபடி பத்திரிகை அடித்தோம்.

கல்லைத் திருப்ப வேண்டும். ராஜமதிக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். "மாப்பிள்ளை வீட்டுல பாத்தாங்க, மஞ்சள் ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க" என்று சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"யார் பாத்தது? எந்த வெளிச்சத்துல பாத்தாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது ராஜி. வேண்டாம்னுட்டாங்க."

கடைசியில் வேலூருக்குப் போய், கருப்புப் புள்ளி உள்ள பெரிய கல் ஒன்றைப் பின்பக்கம் மூடிக் கட்டி வாங்கினோம். புள்ளி இருப்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அதை மூன்று நாள் வைத்துப் பார்க்க அவளுக்கும் தைரியம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரம திருப்தி. தங்கை இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை ராஜமதி புது மோதிரத்தோடு ஆபீசுக்கு வந்தாள். அதே கல். லோன் போட்டு வாங்கியிருந்தாள். வைத்தெல்லாம் பார்க்கவில்லை, கையோடு கொடுத்துக் கட்டிவிட்டாள். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "இப்ப சொல்லு தேவகி, மஞ்சள் தெரியுதா?" என்று கேட்டாள். உங்களில் பலர் அன்று அந்த ஜன்னலருகே நின்றிருந்தீர்கள். "தெரியல" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் கண்ணைப் பழித்து நான் சொன்ன பொய்க்குப் பதில் சொல்லத்தான் அந்தக் கல்லை அவள் வாங்கினாள். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் அவள் கணவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஒரு மாதத்தில் போய்விட்டார். பிறகு மாமனார் வீட்டோடு நிலத்தகராறு. பத்மாவுக்கு இரண்டு முறை வரன் தட்டிப்போனது. ஒவ்வொன்றுக்கும் நான் மனசுக்குள் அந்த மோதிரத்தையே காரணமாக்கினேன். "பணக் கஷ்டத்துல எதுக்கு மோதிரம், வித்துடேன்" என்று நல்லவள் போல இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

போன வருஷம் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய், எலி, விளக்கு, பத்திரிகை, பொய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். நான்தான் உன்னைக் கெடுத்தேன் என்றேன். அவள் கண் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அவள் கேட்டது இதைத்தான்.

"அப்படின்னா மஞ்சள்னு யாருமே சொல்லலையா?"

இல்லை என்றேன்.

"பன்னண்டு வருஷமா என் விரலையே பாத்துட்டு இருந்தியே. பொறாமைன்னு நெனச்சேன் தேவகி. நீ வந்தா கையை முந்தானையில மறைச்சுக்குவேன். பாவம், அவளால வாங்க முடியலையேன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் சாவுக்கு வந்து என்னைக் கட்டிப் புடிச்சு அழுதியே. அப்பவும் மோதிரத்தைத்தான் பாத்தியா?"

பார்த்தேன். அதனால் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

"அவர் போனது அவரு வினை. நான் போகப் போறது என் வினை. அதைக் கொண்டு போய் கல்லு மேல போடாத. ஆனா எங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டு, அது எனக்கு என்ன பண்ணுதுன்னு வேடிக்கை பாத்த பாரு, அது உன் வினை. அதை நீதான் வெச்சிக்கணும். எங்கிட்ட கொண்டு வந்து இறக்காத."

பிறகு ஜன்னலைப் பார்த்து, "கிளம்பு. பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிடணும்" என்றாள். அப்போது மணி மூன்றுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பத்மா வாசலிலேயே நின்று, அம்மா தூங்குகிறாள் என்றாள். ஒரு முறை உள்ளே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. பத்மாவும் கேட்டாள். இருவரும் கேட்காதது போல நின்றோம்.

பௌர்ணமியன்று, கழுவிய வாசலைத் தாண்டிப் போனபோது பத்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். "அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத்தான் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் அவள் ராஜமதியின் மகள்.

"இல்ல அத்தை. ஒண்ணும் சொல்லல."

சொம்பை நீட்டிய அவள் விரலில் அந்த மோதிரம் இருந்தது. என் கண் முதலில் அங்கேதான் போனது. தண்ணீருக்கு முன்னால், அழுது வீங்கியிருந்த அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால். ஐயோ, இவளுக்கு எதுவும் ஆகக்கூடாதே என்று என் மனசு அடித்துக்கொண்டது. இவ்வளவு கேட்டும் நான் திருந்தவில்லை. பத்மா என் பார்வையைக் கவனித்துவிட்டு, மெல்லக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நண்பர்களே, இறந்தவர்கள் நம்மை மன்னித்துவிட்டுத்தான் போனார்கள் என்று இப்படிப்பட்ட பக்கங்களில் எழுதுவது வழக்கம். ராஜமதி என்னை மன்னிக்கவில்லை. அவளுடைய துணிச்சலையும் சிரிப்பையும் நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு உரியது. எனக்கென்று அவள் ஒன்றைத்தான் விட்டுப்போனாள். நீதான் வெச்சிக்கணும் என்று சொன்னாள். வைத்திருக்கிறேன், ராஜி. யார் மேலும் இறக்கவில்லை.