எலுமிச்சைக் கறை படிந்த வாள்

அன்று பொன்னேரி சந்தையில், அந்த வாளை வாங்கியபோது கடை முன்னால் இருந்தவர்கள் மூன்றே பேர். நான், என் மனைவி தேசம்மா, பழைய இரும்பு விற்கும் சேகர். நாளைக்கு யாராவது கேட்டால் என்று இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

பழவேற்காட்டில் மீன் வெட்டும் பெண்களின் கத்திகளுக்குச் சாணை பிடிப்பது என் தொழில். ஆறாவதோடு பள்ளியை விட்டவன். விநோதமான கத்தி எங்கே கண்டாலும் வாங்கிவிடுவேன். வீட்டில் முப்பத்தொன்று இருக்கின்றன. சேகர் சாக்கிலிருந்து எடுத்தது முனை வளைந்த ஒரு வாள்.

"ஜமீன் வீட்டு சரக்குண்ணே. ஆயிரத்து நானூறு குடு, எடுத்துனு போ."

"இவன் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கிறான். வாணாய்யா, வா," என்றாள் தேசம்மா.

எனக்கும் சந்தேகம்தான். வாங்கிவிட்டேன்.

மறுநாள் சாணைக் கல்லில் வைத்தேன். விளிம்பு முழுக்கக் கூர் ஏறியபின்தான் முனையைக் கவனித்தேன். நான்கு விரல் அகலத்துக்குக் கறுத்து அரித்திருந்தது. உப்புக்காற்று என்றால் வாள் முழுக்கத் துரு ஏறியிருக்கும். முனையை மட்டும் தின்றது எலுமிச்சம்பழச் சாறு. எங்கள் பக்கம் அம்மன் கோயில் வாளின் முனையில்தான் எலுமிச்சை குத்தி வைப்பார்கள். அந்த வாளுக்கு யாரும் சாணை பிடிப்பதில்லை. சாமி வாளைக் கல்லில் வைத்த விஷயம் தெரிந்தால் எந்தப் பெண் இனி என்னிடம் கத்தி தருவாள்?

சேகரை மடக்கினேன்.

"சாமி கத்தின்னு எனக்கு இன்னா தெரியும்? சுண்ணாம்புக்குளத்தாண்ட ஒருத்தன் எடைக்குப் போட்டான்."

அதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு அங்கே போய் விசாரித்தேன். ஒரு சின்ன அம்மன் கோயிலைக் காட்டினார்கள். பூசாரி துணியைப் பிரித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளையடிச்சப்போ காணாமப் போனது. உன் கைக்கு எப்டி வந்துச்சு?"

சொன்னேன். அவர் விளிம்பில் விரல் வைத்தார். ரத்தம் வந்துவிட்டது.

"எவன்யா இதுக்குக் கூர் போட்டது?"

திருடினவன் போட்டிருப்பான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நான்தான் சாமி."

"ஆடி மாசம் சாமியாடுறவன் இத்த வயித்துல வெச்சு அழுத்திக்குவான்யா. கொடல் சரிஞ்சிருக்கும், தெரியுமா?"

பையிலிருந்த அரத்தை எடுத்து, அவர் கண் முன்னாலேயே கூரை மழுக்கினேன். இருபது வருடத் தொழிலில் ஒரு கத்தியின் கூரை நான் எடுத்தது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் வைத்து அழுத்திக் காட்டச் சொன்னார். அழுத்தினேன். கீறவில்லை. வாளை உள்ளே எடுத்துப் போனவர் திரும்பி வரவில்லை. என்னைத் திருடன் என்று நினைத்தாரா, இல்லையா, இன்றுவரை தெரியாது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கல்லைச் சுற்றுமுன், அந்தக் கத்தி இதுவரை என்ன வேலை செய்தது என்று கேட்டுவிடுங்கள். கூர் இருக்கவே கூடாத கத்தியும் உண்டு.

சேகர் நானூறு திருப்பித் தந்தான். இன்னும் ஆயிரம் ரூபாய் வர வேண்டும்.