ஐம்பத்தெட்டாம் கிலோமீட்டர் அம்பு

"எதிரி எண் ஒன்று: நஜீர், வயது ஐம்பத்திரண்டு, பூந்தமல்லி. திடகாத்திரமான தேகம். முன்கோபி. ஆட்களைத் திரட்டிக்கொண்டு அமைதியான கிராமங்களுக்குள் அத்துமீறி நுழையும் வழக்கமுள்ளவர். இரும்பு ஆயுதங்களைக் கையாள்வதில் கைதேர்ந்தவர்."

முதல் தகவல் அறிக்கையின் இந்தப் பகுதியை வக்கீல் வாசித்துக் காட்டியபோது நஜீரின் மனைவி ஜீனத் அரிசி களைந்துகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "யாரு இந்த ஆம்பள? எங்க அத்தா இவனப் பாத்துக் கட்டி வெச்சிருக்கலாமே. இந்தாளுக்கு இன்னாத்துக்குக் கட்டி வெச்சாரு?" என்றார்.

நியாயமான கேள்வி. நஜீரை ஸ்பானர் பையோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோவைத் தாண்டமாட்டார். தெருநாய் குரைத்தால் சைக்கிளிலிருந்து இறங்கி அதற்கு வழிவிடுவார். கடையில் யாராவது குரலை உயர்த்தினால் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார். அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் உண்மை. பூந்தமல்லிச் சந்தில் முப்பது வருடமாக சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவர் இரும்பைக் கையாள்வதில் கைதேராமல் என்ன செய்வார்?

ஆட்களைத் திரட்டியது அவரல்ல, ஜெகதீஷ். பொள்ளாச்சிக்காரன்; நூம்பலில் பதினோராவது மாடியில் குடியிருந்தான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஊரில் பிறந்தவனுக்கு இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் ஜன்னல் தெரிந்தது. மாதம் இரண்டு ஞாயிறு பதினெட்டுப் பேரைக் குத்தம்பாக்கம் பஸ் நிலையத்தின் முன்னால் கூட்டி, திருவள்ளூர், பூண்டி ஏரிக்கரை, ஊத்துக்கோட்டை வழியாக மலையடிவாரம்வரை மிதித்துவிட்டுத் திரும்புவான். போகவர நூற்றிப் பதினாறு கிலோமீட்டர். வாரநாட்களில் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆபீசுக்குக் காரில் போகிறவர்கள்தாம் எல்லோரும்.

நஜீருக்கு அதில் இரண்டு வேலை. சனிக்கிழமை தன் மொபெட்டில் போய், திரும்ப வேண்டிய இடங்களில் அம்புக்குறி போட்டு வரவேண்டும். மலையடிவாரத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கடைசியில் போய், பஞ்சர் ஆனவரையும் படுத்துவிட்டவரையும் கூட்டிவர வேண்டும். மற்றவர்களின் சைக்கிள்கள் ஒரு விரலால் தூக்கக்கூடியவை. நஜீருடையது கறுப்பு நிற இருபத்திரண்டு இஞ்ச். பின்னால் கனமான கேரியர், அதில் பம்பு, டியூபுகள், சொல்யூஷன்.

"பாய், உங்க கேரியரக் கழட்டிப் போட்டா பத்து கிலோ கொறையுமுங்க" என்பான் ஜெகதீஷ்.

"கேரியர் இல்லாத வண்டி இன்னாத்துக்கு தம்பி? சும்மா காத்து வாங்கவா?"

"அதுக்குத்தானுங்க பாய் வர்றோம்."

வழக்கமாகச் சுண்ணாம்புத் தூளில் போடும் அம்பு, மாசியில் பெய்த தப்பு மழையில் கரைந்து, நான்கு பேர் வழிதவறினார்கள். ஆகவே இம்முறை பெயிண்டில் போடச் சொன்னான் ஜெகதீஷ். கூடவே எத்தனையாவது கிலோமீட்டர் என்று எண்ணும் எழுதவேண்டும். நஜீர் கடையில் மீந்திருந்த மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் மதகுகளிலும் கற்களிலும் போட்டுக்கொண்டு போனவர், கடைசியாக, குழு இதுவரை போகாத மலையடிவாரத்துக் கொடுக்கன்பள்ளம் என்ற கிராமத்தில், வளைவில் கல்லே இல்லாததால் ஒரு மோட்டார் அறைச் சுவரில் போட்டார். அழகாக ஓர் அம்பு. கீழே 58.

அந்த மோட்டார் அறை பரந்தாமனுடையது. இரண்டு மாதத்துக்கு முன் ஊருக்குள் புதுச் சாலைக்கு அளக்க வந்தவர்கள் கற்களை நட்டு, அவற்றில் இதே மஞ்சளில் இதே மாதிரி அம்பும் எண்ணும்தான் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் அந்தக் கற்களைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பரந்தாமன் தன் சுவரைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு அடி என்று எடுத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு அடி போனால் மோட்டார் அறை, கிணறு, பாதி வீடு. விடிவதற்குள் மெயின் ரோட்டிலிருந்து ஊர்வரையிலான ஏழு கிலோமீட்டரில் மூன்று இடத்தில் சாலையைக் குறுக்கே வெட்டிப்போட்டது ஊர். ஜீப் வரக்கூடாது.

ஜீப் வரவில்லை. பதினெட்டு சைக்கிள் வந்தது. வெட்டிய பள்ளத்தைப் பார்த்து வந்தவர்கள் குதூகலித்தார்கள். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். தலையில் ஹெல்மெட், ஹேண்டில்பாரில் தூரம் காட்டும் சின்னக் கருவி. என்ஜினியர்கள் ஹெல்மெட் போடுவார்கள், கருவி வைத்து அளப்பார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

நஜீர் கால்மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் பாதி முடிந்திருந்தது. நான்கு சைக்கிள்களின் சக்கரங்கள் எட்டாக வளைந்து கிடந்தன. அகல்யா என்ற பெண் வரப்பில் உட்கார்ந்து வாயிலிருந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தாள். ஜெகதீஷை மோட்டார் அறைச் சுவரோடு நிறுத்தி, அந்த அம்பின் மேலேயே முகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் அம்பு சிவந்திருந்தது. ஒரு காது பாதி தொங்கியது. வலது மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

"எவன்டா போட்டது? பேரச் சொல்றா! எந்த ஆபீசர்டா?" மண்வெட்டிக் காம்பால் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கேட்டார் பரந்தாமன். அறுபதை நெருங்குகிறவர், நல்ல உயரம்.

ஜெகதீஷ் சொல்லவில்லை. வீரமா, வாயைத் திறக்க முடியவில்லையா என்பது அவனுக்கே இன்றுவரை தெரியாது.

நஜீருக்குத் திரும்பிப் போகலாம் என்றுதான் தோன்றியது. சைக்கிளைத் திருப்பியும்விட்டார். ஆனால் கடைசியாக வருகிறவர் யாரையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது குழுவின் ஒரே விதி. மறுபடி திருப்பி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"அண்ணாத்தே, அந்தப் புள்ளய உடு. அம்பு போட்டது நான்தான்."

"நீ யார்றா?"

"சைக்கிள் கடை. பூந்தமல்லி."

"சைக்கிள் கடக்காரனுக்கு என் செவுத்துல இன்னாடா வேல?"

இந்தக் கேள்விக்கு நஜீரிடம் சரியான பதில் இருந்தது. இவர்கள் காற்று வாங்குவதற்காக அறுபது கிலோமீட்டர் மிதித்து வருகிறார்கள், அவர்களுக்கு வழி காட்ட எழுதினேன் என்றார். உண்மை சில நேரம் அப்பட்டமான பொய்போலக் கேட்கும். மண்வெட்டிக் காம்பு அவர் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் உள்ளே போயின. கீழே விழுந்தவரை ஐந்தாறு கால்கள் மிதித்தன. விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தத்தை அவர் கேட்டார். தேய்ந்த பால்பேரிங் நசுங்குவது மாதிரியே இருந்ததாம்.

அதே நேரத்தில் பரந்தாமனின் பங்காளி ஒருவன் ஜெகதீஷின் சைக்கிளைக் கடப்பாரையால் உடைக்கப் போனான். இரும்பென்று நினைத்து முழு பலத்தையும் கொடுத்தான். கார்பன் சட்டம் முட்டை ஓடு மாதிரி உடைந்துவிட, கடப்பாரை நிற்காமல் சுழன்று போய் பின்னால் நின்ற பரந்தாமனின் மண்டையில் பட்டது. நின்றவாக்கில் சரிந்தார்.

யாரோ "போலீசு வரும்டா" என்றார்கள். ஆண்கள் அத்தனை பேரும் பைக்குகளை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் மறைந்தார்கள், கடப்பாரைக்காரன் முதல் ஆளாக.

மிஞ்சியது பரந்தாமனின் மனைவி புஷ்பா, சில பெண்கள், அடிபட்ட சைக்கிள்காரர்கள். அகல்யா மொட்டைமாடி ஏறிச் சிக்னல் பிடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மெயின் ரோடு வரைக்கும்தான் வரமுடியும், உள்ளே ரோடு வெட்டிக் கிடக்கிறதாமே என்றார் டிரைவர்.

ஒரு விரலால் தூக்கக்கூடிய எந்த சைக்கிளிலும் ஆளை உட்காரவைக்க இடமில்லை. எல்லோரும் நஜீரின் கேரியரைப் பார்த்தார்கள்.

"வை, தூக்கி வை" என்றார் நஜீர், வாயிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டே. டியூபுகளை எடுத்து, பரந்தாமனைத் தன் முதுகோடு சேர்த்து மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிக் கட்டச் சொன்னார். முறிந்த விலாவின் மேல் ரப்பர் இறுகியபோது கண்ணில் பொறி பறந்தது.

ஏழு கிலோமீட்டர். புஷ்பா புடவையைக் கிழித்துப் புருஷன் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள். ஓடிக்கொண்டே திட்டினாள்.

"பாவி, என் ஊட்டாருக்கு எதுனா ஆச்சு, ஒன் குடல உருவிடுவேன்!"

"உருவு தாயி. மெயின் ரோடு போனப்புறம் உருவு."

ரத்தம் நஜீரின் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது நின்றால்தான் பயம் என்று அவருக்குத் தோன்றியது. பின்னால் சத்தமே இல்லை.

"அண்ணாத்தே, தூங்காதே. திட்டு. ஒங்க ஊட்டம்மா எப்படித் திட்டுது பாரு."

முதல் பள்ளம். ஒற்றைக் கையோடு ஜெகதீஷும் இன்னும் நான்கு பேரும் சைக்கிளையும் இரண்டு ஆட்களையும் ஒரே பொட்டலமாகத் தூக்கி அக்கரை வைத்தார்கள். அந்தக் குலுக்கலில் பரந்தாமனுக்கு லேசாக நினைவு வந்தது. தான் பகைவனோடு கட்டப்பட்டிருப்பதை உணர்ந்ததும் முன்னால் இருந்த கழுத்தை முழங்கையால் வளைத்து நெரிக்கத் தொடங்கினார்.

"ஐம்பத்தெட்டு… அடியா… மீட்டரா?"

"கிலோ… மீட்டர்… அண்ணாத்தே…" என்றார் நஜீர், மூச்சு வந்த அளவுக்கு. "உடு… நான் செத்தா… வண்டி உழுந்துடும்…"

இரண்டாவது பள்ளம்வரை பிடி தளரவில்லை. மூன்றாவதில் தளர்ந்தது. "நெரி, அண்ணாத்தே! நெரி!" என்று கத்திக்கொண்டே மிதித்தார் நஜீர். மெயின் ரோட்டில் டியூபைக் கத்தியால் அறுத்து ஆளைப் பிரித்தபோது யாருக்கு எங்கே அடி என்று ஆம்புலன்ஸ்காரருக்கு விளங்கவில்லை. அந்த ஏழு கிலோமீட்டரில் குழுவினர் எல்லோரையும்விட முந்தி வந்தவள் புஷ்பாதான், வெறுங்காலில்.

மலைப்பக்கம் ஓடியவர்கள் சுற்றிக்கொண்டு வந்து முதலில் புகார் கொடுத்துவிட்டார்கள். ஆகவே அறிக்கையில் பரந்தாமனைக் கடப்பாரையால் அடித்தது நஜீர். பரந்தாமன் இறந்திருந்தால் அது கொலை வழக்கு. ஒன்பது நாள் அவர் கண் திறக்கவில்லை. ஒன்பது நாளும் நஜீர் கடையைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் விழித்தார். போலீஸ்காரரிடம் முதலில் சாலை எத்தனை அடி அகலம் என்று கேட்டார். பிறகு வாக்குமூலம் கொடுத்தார். பங்காளியின் பெயரைச் சொல்லவில்லை. "யார் அடிச்சான்னு பாக்கல. சைக்கிள்காரன் அடிக்கல" என்றார். வழக்கு நடக்கிறது. எதிரி எண் ஒன்று இன்னமும் காகிதத்தில் திடகாத்திரமாகவே இருக்கிறார்.

நஜீர் செய்தது இது: பரந்தாமனின் சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஓர் அம்பும் ஐம்பத்தெட்டு என்ற எண்ணும் எழுதினார். மறுநாள் அவரை முதுகில் கட்டிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் மிதித்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்.