நானே எழுதிய பதினோராவது நிபந்தனை

குடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஹோட்டல் எத்தனை மணிக்கு பீர் ஊற்றத் தொடங்கலாம், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், வாங்குகிறவனுக்கு என்ன வயதாகியிருக்க வேண்டும், பாங்கு சொல்லும்போது ஸ்பீக்கரை எவ்வளவு நேரம் அணைத்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எமிரேட்ஸில் ஒரு கடற்கரை ஹோட்டலில் பதினான்கு வருடமாக லைசென்ஸ் பேப்பர்கள் பார்க்கிறேன். உம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லை. ஏசி அறை, நாற்காலி, கம்ப்யூட்டர், கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை எல்லாம் உண்டு. அந்த அட்டை தொங்க ஆரம்பித்த பிறகு நான் குனிந்து பார்த்தது குறைவு.

கத்தாரில் உலகக் கோப்பை நடந்த குளிர்காலம் அது. மேட்ச் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களில் பல பேர் எங்கள் பக்கம் தங்கி விமானத்தில் போய்வரப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஈவென்ட் மேனேஜர் ஓர் இங்கிலாந்துக்காரர். ஹோட்டல் புல்வெளியில் மாடி உயரத்துக்கு ஒரு திரை, வரிசையாக பீர் கவுண்டர்கள், டிஜே, கன்னத்தில் கொடி வரைந்துவிட ஆள் என்று ரசிகர்களுக்கு ஒரு ‘ஃபேன் சோன்’ திட்டம் போட்டார். திட்டம் போடுவது அவர் வேலை, அதற்கு அனுமதி வாங்குவது என் வேலை.

விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஹோட்டலுக்குப் பின்னால் வரிசையாக வில்லாக்கள். முன்பு ஒரு மேட்ச் அன்று வேலியோரம் கூட்டம் நின்று சத்தம் போட்டதாக அங்கே குடியிருப்பவர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். ‘கூட்டக் கட்டுப்பாட்டுத் திட்டம் போதாது’ என்று ஒரே ஒரு வரி. முதல் மேட்சுக்கு எட்டு நாள்தான் இருந்தது. மேனேஜர் என் அறை வாசலில் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தார்.

அதற்குள் புல்வெளியில் திரைக்கான இரும்புச் சாரம் ஏற ஆரம்பித்துவிட்டது. சாரம் கட்ட வந்த கம்பெனியில்தான் என் மச்சான் இருந்தார். மச்சான் என்றால் என் லாத்தாவின், அதாவது அக்காவின், வீட்டுக்காரர். சவுதியில் யான்பு ரிஃபைனரியில் ஒன்பது வருடம், பிறகு எமிரேட்ஸில் ஒன்பது வருடம், பதினெட்டு வருடமும் சாரம் கட்டியே கழித்தவர். முழங்கால் போய்விட்டது. அந்த வருடக் கடைசியில் விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போவதாக இருந்தார். எங்கள் ஊர் கடலோரத்து முஸ்லிம் ஊர். அங்கே சாயங்கால அஸர் தொழுகை முடிந்தால் பந்துதான், வேறு பேச்சில்லை. மச்சான் ஒரு காலத்தில் ஊர் டீமுக்கு கோல்கீப்பர்.

டீ எடுத்துக்கொண்டு போனேன். சாரத்திலிருந்து மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கி வந்தார்.

“மாப்புள, இதுல ஒரு மேட்ச் பாக்க முடியுமா?”

“எந்த மேட்ச் மச்சான்?”

“எந்த மேட்சா இருந்தா என்னா? எனக்கு லீவு ஞாயித்துக்கெழம. அன்னைக்கு எவன் வெளாடுறானோ அவன்தான் நம்ம டீமு.”

“பீர் விக்கிற எடம். பரவால்லயா?”

“அவன் குடிச்சா எனக்கென்னா? பதினெட்டு வருசமா போன்லயும், மெஸ்ஸு டிவில எவன் தலைக்குப் பின்னாடி நின்னும் பாத்தாச்சு. ஒரே ஒரு தடவ நாற்காலில உக்காந்து பெருசா பாத்துட்டுப் போயிடுறேன்.”

“வாங்க மச்சான். நான் பாத்துக்கிறேன்.”

இந்த ‘நான் பாத்துக்கிறேன்’ என்பதை வளைகுடாவில் சொல்லாத ஆளில்லை. காசில்லாமல் கொடுக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான். ஆனால் நான் அன்று மனதாரத்தான் சொன்னேன்.

சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பி, மூன்றாவது முறையாக விண்ணப்பத்தைத் திறந்தேன். பத்து நிபந்தனைகளுக்கு நாங்கள் உறுதி கொடுத்திருந்தோம். பதினோராவதாக ஒன்றை நானே சேர்த்தேன். ‘தொழிலாளர் கேம்ப்களில் வசிப்போர் அனுமதிக்கப்பட மாட்டார்கள். வயதைச் சரிபார்க்கும்போதே அடையாள அட்டையின் பின்புறமுள்ள தொழிலும் சரிபார்க்கப்படும்.’ யாரும் இதைக் கேட்கவில்லை. எந்த விதியிலும் இப்படி இல்லை. வில்லாக்காரர்கள் எதைக் கண்டு முகம் சுளிப்பார்கள் என்று இத்தனை வருடத்தில் எனக்கு அத்துப்படி, அவ்வளவுதான். அதை நல்ல இங்கிலீஷில் எழுதினேன். எழுதி முடித்து, எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மறுநாளே அனுமதி வந்துவிட்டது. மேனேஜர் முதல்முறையாக என் தோளில் கை போட்டார். “உன் மூளையே மூளை” என்றார். வீட்டுக்குப் போய் பெண்டாட்டியிடம்கூட சொன்னேன், வெட்கமில்லாமல்.

மச்சானை மறந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அவர் என் நினைப்பில் கேம்ப் ஆளாக இல்லை, மச்சானாக இருந்தார். கேம்ப் ஆட்கள் என்றால் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் எவனும் அதைச் சூனியம் என்று நினைத்து வைப்பதில்லை.

ஸ்டாஃப் குடும்பத்துக்கென்று ஆளுக்கு இரண்டு பச்சைக் கைப்பட்டைகள் கொடுத்தார்கள். பச்சை கட்டியவர்களுக்கு பீர் கிடையாது. என் பெண்டாட்டி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள். ஒரு பட்டையை மச்சானிடம் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஷூ போடணுமா?” என்று கேட்டார். வேண்டாம், செருப்பே போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஜப்பான் மேட்ச். ஒன்றரைக்கெல்லாம் வாசலில் நீண்ட வரிசை. லைசென்ஸ் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பான ஆள் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை, அந்த ஆள் நான். மேனேஜர் பக்கத்தில் நின்றார். சோதனைக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. எங்கள் நிபந்தனைகளின் பட்டியலை ஒரு நகல் எடுத்து கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் வந்தார். இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலைக்குச் சாயம் அடித்து. செருப்பு வேண்டாமென்று யாரிடமோ ஷூ வாங்கிப் போட்டிருந்தார், நடையிலேயே அது தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். அட்டையை வாங்கிய நேபாளி காவலாளி முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். தொழில் என்ற இடத்தில் ‘ஸ்கஃபோல்டர்’, சாரம் கட்டுகிறவர், என்று போட்டிருந்தது. அவன் தயங்கி எங்கள் பக்கம் திரும்பினான்.

இன்ஸ்பெக்டர் போய் அட்டையைப் பார்த்தார், கையிலிருந்த பட்டையைப் பார்த்தார், திரும்பி என்னிடம் கேட்டார். “இது ஸ்டாஃப் குடும்பத்துப் பட்டை. யாருடைய ஆள் இவர்?” குரலில் கோபமில்லை. டிக் அடிப்பதற்காகக் கேட்டார். மேனேஜரும் என்னைப் பார்த்தார்.

என் லாத்தா வீட்டுக்காரர். மூன்றே வார்த்தைதான். வாய் திறக்கவில்லை. பையனின் ஸ்கூல், வீட்டு வாடகை, தோளில் விழுந்த கை எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கலாம். ஒன்றும் ஆகாமல், ‘சரி, உள்ளே விடு’ என்று சிரித்துக்கொண்டே விட்டிருக்கவும் கூடும். அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம்கூட எனக்கு இல்லாமல் போயிற்று.

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். கோல்கீப்பராக நின்றவர், எதிரில் வருகிறவன் என்ன செய்யப் போகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். என்னை முந்திக்கொண்டு, அரைகுறை இந்தியில் இன்ஸ்பெக்டரிடம் பேசினார். இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, பட்டை பஸ் ஸ்டாப்பில் கிடந்தது, எடுத்துக் கட்டிக்கொண்டேன், தப்புதான் சாப் என்றார். பட்டையைத் தானே பல்லால் கடித்து அறுத்து காவலாளியிடம் கொடுத்தார்.

“கலாஸ், போ” என்று இன்ஸ்பெக்டர் கையசைத்தார். பிறகு பட்டியலில் பதினோராவது வரியில் டிக் அடித்தார். “நன்றாக வேலை செய்கிறது” என்று மேனேஜர் சொன்னார். நான் தலையாட்டினேன். மச்சான் அந்த ஷூவில் கால் நோக நோக, ரோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஓடவில்லை. ஃபைலை விட்டு நகரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். “ஒனக்கு ஏதும் பிரச்சன இல்லியே மாப்புள?” இல்லை என்றேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டார். நான்கு வாரத்தில் ஊருக்குப் போனார். ஏர்போர்ட்டுக்குப் போய் அவருடைய பெட்டியைத் தூக்கி ட்ராலியில் வைத்தேன், அதையெல்லாம் சரியாகச் செய்வேன்.

அந்தப் பதினோராவது நிபந்தனை பிறகு எங்கள் ஹோட்டலில் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பெரிய மேட்சுக்கும் பழைய விண்ணப்பத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறோம். எடுத்துவிடலாமா என்று மேனேஜரிடம் ஒரு தடவை கேட்டேன். எதற்கு, அதனால்தானே அனுமதியே கிடைத்தது என்றார். நியாயமான கேள்வி. அதற்குமேல் நான் பேசவில்லை, பேசிப் பழக்கமும் இல்லை.

அடுத்த கோடையில் லீவில் ஊருக்குப் போனபோது லாத்தா விருந்துக்கு அழைத்தாள். போகாமலிருக்க ஏதேதோ சாக்கு சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. மீன் ஆணமும் சோறும் போட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஒம் மச்சான இங்க ஒரு ஆளு பாக்கியில்லாம சொல்லச் சொல்லிக் கேட்டாச்சு. ஒன் ஹோட்டல்ல பெரிய பெரிய துரைமார் நடுவுல நாற்காலி போட்டு உக்கார வச்சியாமே? மேட்சு முடியிற வரைக்கும் பக்கத்துலயே நின்னியாமே?”

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே கோலுதான் விழுந்துச்சு” என்றார், தட்டைப் பார்த்தபடியே. “கீப்பர் கையில பட்டும் உள்ள போயிடுச்சு. அவ்ளோ பெருசா பாத்தா நம்ம கையே வலிக்கும்.”

லாத்தாவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள். “பதினெட்டு வருசத்துல அங்க மனுசனா உக்காந்திருந்தது அந்த ஒரு நாளுதான், அதுவும் ஒந்தம்பியாலன்னு சொல்றாரு. நீ நல்லாயிருப்படா.”

மச்சான் நிமிரவில்லை. லாத்தா இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

“ஆமா லாத்தா” என்றேன்.