போன் கண்டுபிடித்த முகம்

அம்மாவின் பிறந்தநாளுக்குப் பழைய படங்கள் தேடினேன். போனில் ஒரு படத்தில் அவள் முகத்தைத் தொட்டதும், அதே முகம் உள்ள படங்களையெல்லாம் அது தேடியெடுத்தது; தலை நரைத்த இப்போதைய படங்களோடு, அவள் குவைத்துக்கு வேலைக்குப் போகுமுன் எடுத்த பாஸ்போர்ட் படத்தையும் சேர்த்துக் காட்டியது.

எனக்கு ஏழு வயதில், பல வருடம் கழித்துக் குவைத்திலிருந்து திரும்பி, கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள் அம்மா. டீசல் புகைக்கு நடுவே அவள்மேல் அத்தர் மணத்தது. "வாடா ராசா" என்று கையை நீட்டினாள். நான் அப்பாவின் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாருப்பா இந்தப் பொம்பள?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான் எளைச்சுப் போயிட்டேனே, புள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று எனக்காக அவர்களிடம் சொன்னாள் அம்மா. தெல்தெனிய வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை என்னைத் தொடவேயில்லை.

இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள், "அட, எப்படிடா என்னைய இவ்வளவு சரியா கண்டுபிடிக்குது?" என்று வியந்தாள். என்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.