பாதிரியாரின் கப்பல் கதை

பூந்தமல்லி மிஷன் பள்ளி வாத்தியார்களில் எனக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஊர் நம்பியது, நானும் நம்பினேன். அதனால் சீமையிலிருந்து வந்த ஓர் இளம் பாதிரியாருக்கு ஒரு வாரம் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். வெயிலில் தோல் உரிந்த மூக்கு அவருக்கு. காலையில் நோயாளிகளின் புண்ணைக் கழுவுவார். காதில் விழுந்த தமிழ்ச் சொல்லையெல்லாம் சட்டைக் கையில் பென்சிலால் எழுதிக்கொள்வார். மாலையில் பிரசங்கம்.

சனிக்கிழமை காட்டுப்பாக்கத்தில் தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசினார். ‘கப்பல்’ தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கௌரவம் விடவில்லை, கப்பலில் வாந்தியெடுத்த ஒருவன் கதையைச் சொந்தமாக அவிழ்த்துவிட்டேன். கூட்டம் சிரித்தது. முன்னால் இருந்த ஒருத்தி மட்டும், “இன்னா வாத்தியாரே, தொர கண்ணு கலங்கிகினு கீறாரு, நீ சிரிப்பு காட்டிகினு கீறே?” என்றாள்.

திரும்பும்போது வண்டியில், கப்பலைப் பற்றி என்ன சொன்னார் என்று அவரிடமே கேட்டேன்.

“கப்பலை விட்டு இறங்கினேன். அம்மா இறந்த தந்தி வந்தது,” என்றார் தமிழில், மெதுவாக.

நான் செய்ததைச் சொல்லி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

“வேண்டாம். அவர்கள் சிரித்தது எனக்கு நன்றாயிருந்தது. நாளைக்கும் நீங்களே வாருங்கள்.”

மறுநாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருள் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. தாய் செத்த கதைக்கு ஊர் சிரித்தது ஒரு மகனுக்கு எப்படி நன்றாயிருக்கும் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.