எத்தனை சான் பெர்னாண்டோ

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில நிக்கிறேன். பொம்மைக்குக் கண்ணு வரையிற அக்கா, செத்துப்போன எங்கண்ணன் பேரைப் பீங்கான் பலகையில எழுதுறாங்க.

"சூளையில வெச்சா அழிக்க முடியாது. தவறுன ஊரு எது தம்பி?"

"பிலிப்பைன்ஸுல சான் பெர்னாண்டோ. கப்பல் வேலைக்குப் போன எடம்."

"சர்ச்சு பேரு மாதிரி இருக்குதே?"

"ஸ்பெயின்காரன் ஆண்டப்ப வெச்சது, அக்கா. அங்க பல ஊருக்கு அதே பேரு."

எனக்குப் பத்திக்கிட்டு வருது. அண்ணன் பொணத்த அனுப்புற பேப்பரு வேற ஒரு சான் பெர்னாண்டோவுக்குப் போயிடுச்சி. பொணம் வர இருபது நாளு. அம்மாவுக்கு மூஞ்சியக் காட்டாம பெட்டியோட எரிச்சோம். அடுத்தவன் ஊருக்குப் பேரு வெக்க இவனுங்க யாரு?

"அத எழுதாதீங்க. பொறந்த ஊர எழுதுங்க, கருவேப்பிலங்குறிச்சி."

"யப்பா, பலகை பத்தாதே!"

"எழுத்தச் சின்னதாக்குங்க. ஒண்ணுகூட விடாதீங்க."