நூல் கோணலாகத் தெரிந்த தவக்காலம்

சேசுவையும் தேவமாதாவையும் நம்பிப் பிழைக்கும் எல்லாருக்கும், நாமக்கல் பட்டறைத் தச்சன் அந்தோணிசாமி சொல்லி எழுதவைப்பது.

1963ஆம் வருடம் தவக்காலத்தில் எனக்கு மரமெல்லாம் கோணலாகத் தெரிய ஆரம்பித்தது.

நான் சேலத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல்லுக்கு வந்து, காதர் பாய் பட்டறையில் லாரிக்கு மரத்தில் பாடி கட்டும் வேலையில் சேர்ந்தேன். எங்களிடம் வரும்போது லாரி வெறும் என்ஜினும் இரும்புச் சட்டமுமாக இருக்கும். அதன்மேல் நீள நீளமாக மரச்சட்டம் போட்டு, குறுக்குச் சட்டம் கோத்து, பலகை அடிக்க வேண்டும். அடியில் போகிற நீளச் சட்டம் நேராக இருந்தால்தான் மேலே எல்லாம் ஒழுங்காக உட்காரும்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, தச்சன் மரத்தின் ஒரு நுனியைத் தூக்கி முகத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை விளிம்போடு ஓட்டுவான். நான் எப்போதும் இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்ப்பேன். யார் இழைத்த மரமானாலும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். நான் பார்த்துவிட்டால் நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று பாய் லாரிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். எனக்கும் தலைகால் புரியாத கர்வம்தான். படிப்பு இல்லை, நிலம் இல்லை, பாட்டு வராது, நாலு பேர் முன்னால் பேச வராது. அந்த வலது கண் ஒன்றுதான் என் சொத்து.

அந்தத் தவக்காலத்தில் ஒரு வேங்கைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் லேசாக மேடு தட்டியது. இழைப்புளியால் இழைத்துச் சரி செய்தேன். லாரியில் ஏற்றினால் நடுவில் இடைவெளி விழுந்தது. மரம் காயவில்லை என்று மரக்கடைக்காரரைத் திட்டினேன். அடுத்த சட்டத்திலும் அதே மேடு, அதே இடைவெளி. இழைத்தவனைத் திட்டினேன். நல்ல மரங்கள் வீணாகிக்கொண்டே வந்தன. பட்டறையில் என் முதுகுக்குப் பின்னால் பேசத் தொடங்கினார்கள். பாய் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

தினமும் காலைப் பூசைக்குப் போனேன். கையில் இருந்த தொழில் கையை விட்டுப் போகிறதே, சுவாமி, என் கைக்கு என்ன வந்தது என்று அழுதேன். கையைப் பற்றியேதான் வேண்டினேன். கண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் பாய் ஒரு நூலை எடுத்து வந்தார். நான் இழைத்து வைத்திருந்த சட்டத்தின் மேல் அந்தக் கோடியில் அவர் பிடித்துக்கொண்டார். இந்தக் கோடியை நான் பிடித்துக் குனிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நூலும் நடுவில் மேடு தட்டியது.

நூலைச் சரியாக இழுக்கச் சொல்லி பாய் மேலேயே எரிந்து விழுந்தேன். அவர் இழுத்தார். இன்னும் இழுத்தால் அறுந்துவிடும் என்கிற அளவுக்கு இழுத்தார். அப்போதும் நடுவில் மேடு இருந்தது.

பாய் நூலை விடாமல் என் முகத்தைப் பார்த்தார். “அந்தோணி, இழுத்துப் புடிச்ச நூல் எப்படிப்பா கோணும்? அந்தக் கண்ணை மூடிட்டு இந்தக் கண்ணுல பாரு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். நூல் நேராக இருந்தது. அதன் அடியில், நான் மேடு என்று நினைத்து இழைத்த இடம் பள்ளமாகக் கிடந்தது. இத்தனை நாளும் நேரான மரத்தைத்தான் நான் கோணலாக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் அன்றைக்கே என்னை பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டர் இருட்டறையில் உட்காரவைத்து, விளக்கு அடித்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடித்தபின் என்னிடம் பேசாமல் பாயை வெளியே அழைத்தார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மதராஸில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மகளைச் சேலத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, நானும் என் மனைவி சவேரியம்மாளும் ரயில் ஏறினோம். பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் எங்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் கழிந்தன.

அங்கே இருந்த பெரிய டாக்டர் மறைத்துப் பேசவில்லை. கண்ணுக்குப் பின்புறம் உள்ளேயே ஒரு கட்டி வளர்கிறது, அது புற்றுநோய், கண்ணை எடுத்தாக வேண்டும், விட்டுவிட்டால் அது ஈரலுக்கோ வேறு எங்கேயோ போய் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். எடுத்தாலும் பரவாமல் இருக்குமா என்று கேட்டேன். அதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

சகோதரர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தக் கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. பார்வையும் இருந்தது. எதிரே கட்டிலில் இருப்பவர் போட்டிருந்த சட்டையின் கோடுகூடத் தெரிந்தது, கொஞ்சம் வளைந்து தெரிந்தது, அவ்வளவுதான். பார்க்கிற கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லி நானே கைநாட்டு வைக்க வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்கவே யோசிக்கிறவன் நான்.

என் கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். அதில் இரும்புக் கம்பிகள். விடிந்ததும் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, இடது கண்ணைப் பொத்தி அந்தக் கம்பிகளைப் பார்ப்பேன். மாதாவே, இன்றைக்கு ஒரு கம்பி நேராகத் தெரியட்டும், ஒன்றே ஒன்று போதும், எழுந்து ஊருக்கு ஓடிவிடுகிறேன் என்று கெஞ்சுவேன். கம்பி வளைந்தே நிற்கும். உயிர்த்த ஞாயிறு அன்று நிச்சயம் நேராகிவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தூரத்தில் கோவில் மணி அடித்தது. கண்ணைப் பொத்திப் பார்த்தேன். முன்னைவிட அதிகமாக வளைந்திருந்தது.

அன்றைக்கு நான் அழவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லை. கடவுள் எங்கேயோ இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன், நடுவில் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. சவேரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, நம்மூர் மாதாவுக்கு வெள்ளிக் கண் நேர்ந்திருப்பதாக மெதுவாகச் சொன்னாள். அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. கைகால் வலித்தால் வெள்ளியில் கைகால் செய்து வைப்பதும், கண் நோய்க்கு வெள்ளிக் கண் வைப்பதும் எங்களுக்கு வழக்கம்தானே. எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கைநாட்டு வைத்தேன். நம்பி வைக்கவில்லை. வேறு வழி இல்லாமல் வைத்தேன்.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன்பு அவளைக் கிட்ட வரச் சொன்னேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கும் உதடும் நடுவில் நெளிந்து தெரிந்தன. என் வலது கண் கடைசியாகப் பார்த்தது அந்தக் கோணல் முகத்தைத்தான். என்ன பார்க்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதால் முகம் இன்னும் கோணிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த மாதிரி நின்றாள்.

மயக்கம் தெளிந்தபோது பாதி உலகம் இல்லை. தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால், டம்ளர் அரை சாண் அப்பால் இருந்தது. செம்பை இடித்தேன், கட்டில் காலில் முட்டினேன். இனி உளியும் சுத்தியும் பிடிக்க முடியுமா என்று யாரிடம் கேட்பது? பரலோக மந்திரம் தொடங்கினால் பாதியில் நின்றுபோகும். மீதியை சவேரியம்மாள் சொல்லி முடிப்பாள்.

கட்டு அவிழ்த்த சில நாள் கழித்துப் பெரிய டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். எடுத்த கண்ணைச் சோதித்துவிட்டார்களாம். கட்டி கண்ணுக்குள்ளேயே இருந்ததாம், வெளிச்சுவரைத் தாண்டவில்லையாம். பிறகு அவரே ஆச்சரியமாகக் கேட்டார். “இந்த நோய்க்காரங்க பார்வை போன பிறகுதான் எங்ககிட்ட வருவாங்க. நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?”

மரச்சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நூல் கோணினதையும் சொன்னேன். வேறு வேலை செய்கிறவராக இருந்தால் இரண்டு கண்ணையும் திறந்தபடியே நடமாடியிருப்பார், இவ்வளவு சின்னக் கோணல் தெரிந்தே இருக்காது என்றார். இப்போதும் உறுதி சொல்ல மாட்டேன், வருடா வருடம் வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதன் முழு அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கண் போய்விட்டது என்பது மட்டும்தான் உறைத்தது.

ஊர் வந்து சேர்ந்தோம். சவேரியம்மாள் ஆசாரியிடம் சொல்லி வெள்ளிக் கண் செய்து வாங்கி வந்தாள். ஜோடிக் கண். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கண்ணே போயிருச்சு. இன்னும் எதுக்கு புள்ள நேர்த்திக்கடன்?” என்றேன். மாதா என்ன செய்துவிட்டாள் என்று அவளுக்கு வெள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டேன்.

அவள் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. அன்றைக்குப் பேசினாள். “ஏனுங்க, நான் உங்க கண்ணுக்கா நேந்துக்கிட்டேன்? கண்ணு இருந்தாலுஞ் செரி, போனாலுஞ் செரி, ஆளு உசுரோட ஊட்டுக்கு வந்து சேரோணும்னு நேந்துக்கிட்டனுங்க. வந்துட்டீங்கல்ல. நான் குடுக்கோணுமுங்க.”

ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் கம்பிக்காக மன்றாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்காக மன்றாடியிருக்கிறாள். டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தவக்காலம் தொடங்கின நாளிலிருந்து என் கைக்கு என்ன வந்தது என்று கேட்டேனே, அதற்குப் பதில் அந்த நூலில் வந்தது. பாய் கையில் இழுத்துப் பிடித்திருந்தது அந்தப் பதிலைத்தான். சட்டம் கோணலாகத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் கர்வத்தோடு வேலை செய்திருப்பேன். அதற்குள் கட்டி தன் வேலையைப் பார்த்திருக்கும். என்னைக் காப்பாற்றத்தான் சர்வேசுரன் மரத்தைக் கோணலாகக் காட்டினார். நான் அதை இழைத்து இழைத்து அழிக்கப் பார்த்தேன்.

வெள்ளிக் கண்ணை நானே கையில் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். மாதா பீடத்தில் வைக்கும்போதுதான் விட்டுப்போன அழுகையெல்லாம் வந்தது. சாமியார் வந்து தோளைத் தொட்டார்.

மறுவாரம் பட்டறைக்குப் போனேன். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய் ஒரு சட்டத்தைக் காட்டி, பாரு என்றார். தூக்கி முகத்தருகே வைத்தேன். பழக்கதோஷத்தில் இடது கண் தானாக மூடிக்கொண்டது. கும்மிருட்டு. திடுக்கிட்டுத் திறந்தேன். பாய் முதலில் சிரித்தார், பிறகு நான் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். உளி பழக வெகுநாள் ஆனது. கட்டைவிரலில் இன்னும் தழும்புகள் இருக்கின்றன. ஆனால் சட்டம் பார்க்கும் வேலைக்கு ஒரு கண்தானே எப்போதும் வேண்டியிருந்தது.

இப்போது 1969. வருடா வருடம் மதராஸ் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சாட்சி சொல்ல மாட்டேன். இதுவரை நோய் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடிக் கண்ணை ஞாயிறு பூசைக்கு மட்டும் போட்டுக்கொள்வேன். மகளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்றைக்கு எல்லாம் கோணலாகத் தெரியலாம். வேண்டியும் கம்பி நேராகாமல் இருக்கலாம். எனக்கும் நேராகவே இல்லை. ஜெபம் சொல்ல வாய் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் கணக்கில் ஏறும். நூலைத் திட்டாதீர்கள், அறுத்தும் எறியாதீர்கள். மறுமுனையில் ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கும் பட்டறையில் முதல் சட்டத்தைத் தூக்கும்போது சில நாள் இடது கண் மூடிக்கொள்கிறது. முன்பெல்லாம் பதறித் திறப்பேன். இப்போது அந்த இருட்டிலேயே மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, அப்புறம் மெதுவாகத் திறந்து மரத்தைப் பார்க்கிறேன்.